ஒன்பதாவது புதன்

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளற ஆளில்லை. சமையலுக்கு வரும் பேராச்சி மாஹிம் மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். தாராவியிலிருந்து வெறுங்காலோடு நடை, தொடர்ந்து ஒன்பது புதன். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. இது ஐந்தாவது. தாராவியை இடித்துக் கட்டக் கணக்கெடுத்த சர்வேக்காரர்கள் அவளுடைய மாடி அறைக்கு நம்பர் போடாமல் போய்விட்டார்கள். நம்பர் இருந்தால்தான் மாற்று வீடு. அந்த நம்பருக்காக வேண்டுதல்.

பிள்ளையாரிடம் கேட்கக் கூடாதா என்று நேற்றுக் கேட்டேன். "அவர்ட்டயும் கேட்டாச்சு மாமி" என்றாள்.

என் வேண்டுதலை யாரிடம் சொல்வது? செப்டம்பர் 30-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருட உழைப்பு.

செப்டம்பர் 4

முடிவுரை நகரவில்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலக் கவிஞர்கள் மலையையும் ஏரியையும் பாடினார்கள். அந்தப் பாட்டுக்குள் பழைய கிறிஸ்தவ யாத்திரை எங்கே ஒளிந்திருக்கிறது? இதுதான் என் தலைப்பு. இவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "பக்கத்துல இருக்கற கிங்ஸ் சர்க்கிளுக்கே டாக்சில போறவ நீ" என்கிறார். வாயைத் திறந்தாலே இதுதான்.

செப்டம்பர் 15

ஒரு வரி கிடைத்தது! "போகிற வழி அல்ல, வழியில் வரும் தடையே யாத்ரீகரை உருவாக்குகிறது." நாலு தடவை சத்தமாகப் படித்தேன். இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செப்டம்பர் 23

நெரூலிலிருந்து சுஷ்மா மேடம் நாளை வருகிறாராம். ஏழு வருடமாக என் ஆய்வுக்கு வழிகாட்டி. வீட்டுச் சாப்பாடு வேண்டும், சாப்பிட்டுவிட்டு ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். வியாழக்கிழமை டெல்லி போய்விடுவார். ஆகவே நாளைதான். நாளை புதன்!

பேராச்சியிடம் கெஞ்சினேன். ரெண்டு மணிக்கு விட்டுவிடுகிறேன் என்றேன். நாளைதான் அவளுக்கு ஒன்பதாவது. தெரிந்துதான் கேட்டேன்.

செப்டம்பர் 24

மழை. ஹார்பர் லைன் ரயில் படுத்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய மேடம் வந்தது நாலரைக்கு. சாப்பிட்டு, காபி குடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, என் வரியை இரண்டு முறை வாசித்து, "பிரமாதம் பாகீரதி" என்றார். உள்ளே பேராச்சி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நீ கிளம்பு என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இரண்டாவது காபி கேட்டேன்.

எட்டு மணிக்குக் கையெழுத்து. மாஹிமில் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

செப்டம்பர் 25

வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தாள். கோபம் இல்லை. திட்டித் தொலைக்கக் கூடாதா? அதுவும் இல்லை. "பரவால்ல மாமி, ஒண்ணுலருந்து எண்ணுதேன்." பாத்திரம் தேய்த்துக்கொண்டே, நேற்று அந்த அம்மா எதை வாசித்து அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று கேட்டாள். தமிழில் சொன்னேன். யார் எழுதியது என்றாள்.

பழைய கவிஞர் ஒருவர் என்று பொய் சொன்னேன்.

தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அவரு நடந்தே இருக்க மாட்டாரு மாமி."

எனக்கு வந்த எரிச்சல்! அவள் மேலா? தெரியவில்லை— இல்லை, தெரியும்.

செப்டம்பர் 30

கொடுத்தாகிவிட்டது. 214 பக்கம். காலையில் பிரிண்ட் எடுக்கும் கடையிலேயே உட்கார்ந்து அந்த வரியை நீக்கிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

பேராச்சிக்கு ஒன்று. எனக்கு அடிப்பிடித்த குக்கர்.

நவம்பர் 26, புதன்

சுஷ்மா மேடம் போன். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டதாம். அதைப் பற்றிப் பேச இன்று சாப்பிட வரட்டுமா என்றார். புதன்கிழமை முடியாது, நாளை வாருங்கள் என்றேன். ஏழு வருடத்தில் அவரிடம் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

முடிவுரையில் அந்த நல்ல வரி எங்கே என்று கோபமாகக் கேட்டார். தப்பான வரி, எடுத்துவிட்டேன் என்றேன். யார் சொன்னது தப்பு என்று?

எங்கள் வீட்டில் சமைக்கிறவள் என்றேன்.

அவள் இன்று வரவில்லை. இன்று ஒன்பது. வீட்டு நம்பர் இன்னும் வந்தபாடில்லை. சாம்பார் நான் வைத்தேன். இவர் நேராக மோர்சாதம் போட்டுக்கொண்டார்.