சூடேறாத டிரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், ஒருவரை ஒருவர் முறைக்காமல் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் கடிதம் இல்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு மண்டைக் குடைச்சல், அது தீர்ந்த பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது. கதை கொஞ்சம் நீளம், அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படி.

நம் தெருமுனையில் குப்பை குவிந்து கிடக்குமே, அதை அள்ளிவிட்டு நகராட்சி மூன்று பெரிய டிரம் வைத்துக் கொடுத்தது. இருபத்திரண்டு வீட்டுக் காய்கறித் தோலும் காய்ந்த இலையும் அதில் விழுந்து உரமாக வேண்டும், பிளாஸ்டிக் தனியாகப் போக வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்தது யார் என்று நினைக்கிறாய், உன் அம்மாதான். மூன்று மாதத்தில் உரம் வராவிட்டால் டிரம்மை எடுத்துக்கொண்டு போய்விடுவோம், பழையபடி குப்பைமேடுதான் என்று சுகாதார அதிகாரி அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய லாபம் உன் அப்பா. உன்னிடம் மறைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். ஆஸ்பத்திரி வேலையில் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார், குளிக்கவே நாலு தடவை சொல்ல வேண்டும். டிரம் வந்த மறுநாள் யாரும் எழுப்பாமல் எழுந்து, அந்த இடத்தைக் கூட்டுவது என் பொறுப்பு என்று துடைப்பத்தோடு கிளம்பிவிட்டார். முப்பத்தொரு வருடம் வார்டு வார்டாகத் துப்புரவை மேற்பார்வையிட்டவர் இல்லையா, எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு உப்புப் போட மறந்துவிட்டேன், அவரும் அதை அப்படியே சாப்பிட்டார்.

இப்போது குடைச்சலுக்கு வருகிறேன். உரம் ஆகிற குப்பை உள்ளுக்குள் கொதிக்க வேண்டும், ஒரு வாரத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட லேபிலிருந்து வாங்கி வந்த நீள வெப்பமானியைத் தினமும் செருகிப் பார்க்கிறேன், வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவுதான். ஐந்து வாரமாகியும் போட்ட தோல் போட்டபடியே கிடக்கிறது. ஈரம் அதிகமோ என்று ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தேன், இரண்டே சொட்டு, அளவான ஈரம்தான். இலையைக் கூட்டினேன், தோலைக் குறைத்தேன், மூடியில் இன்னும் நாலு ஓட்டை போட்டேன். அதே குப்பையைப் பழைய பெயிண்ட் வாளியில் போட்டு நம் கொல்லையில் வைத்தேன், அது ஐந்தே நாளில் நாற்பது டிகிரியைத் தாண்டியது! அப்படியென்றால் குப்பையில் குற்றமில்லை, தெருவில் யாரோ எதையோ கலக்கிறார்கள். எனக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் மேல் சந்தேகம். சாயத் துணி வெட்டுகளை அவர்தான் போடுகிறார் என்று போய் அவர் வாசலிலேயே கேட்டுவிட்டேன். அந்த மனிதர் தான் சேர்த்து வைத்திருந்த துண்டுத்துணி மூட்டையைக் கொண்டு வந்து என் காலடியில் வைத்தார், ஒரு நூல்கூட வெளியே போகவில்லை. எனக்கு மூக்கு உடைந்தது.

அன்றைக்கே துணி துவைக்கும்போது அப்பாவுக்கு நீ அனுப்பிய நீலச் சட்டையின் கைப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருப்பதைப் பார்த்தேன். லேபில் இருபது வருடம் இருந்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா. மறுநாள் அப்பா கிளம்பியதும் பின்னாலேயே போனேன். மூன்று டிரம்மையும் திறந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருக்கிறார், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவ்வளவு அக்கறை. கிருமி சேர்ந்தால் தெருவுக்கு நோய் வராதா என்கிறார். அந்தக் கிருமிதான் உரம் செய்கிறது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, ஆனால் வாயில் வந்ததென்னவோ திட்டுதான். இத்தனை வீட்டு உழைப்பையும் நாசம் பண்ணிவிட்டீர்கள் என்றேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். வீட்டுக்கு வந்து மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மூன்று நாள், கண்ணு. டிரம் போனால் போகிறது, இந்த மனிதர் எழுந்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன்.

நாலாம் நாள் மாலை அதிகாரி அம்மா பாதிக் கெடுவில் பார்வையிட வந்து தெருக்காரர்கள் எல்லோரையும் அழைத்தார், ஏன் உரமாகவில்லை என்று கேட்டார். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், இலை, தோல் அளவுக் கணக்கில் நான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது. வீட்டில் படுத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர் தலை வாரி, சட்டை மாற்றி வந்து நிற்கிறார். "அவ மேல தப்பில்ல. நான்தான் தினமும் பிளீச்சிங் ஊத்தினேன். முப்பத்தொரு வருஷம் கிருமியக் கொன்னே பழகிட்டேன், வளக்கத் தெரியல. யாராவது சொல்லிக் குடுத்தா கத்துக்கறேன்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்காரர் மட்டும், நல்லவேளை என் மூட்டை தப்பித்தது என்றார், நான் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிகாரி அம்மா முதல் கெடுவுக்கு மேல் இன்னும் இரண்டு மாதம் தவணை கொடுத்தார், டிரம்மைக் காலி செய்து புதிதாக ஆரம்பித்தோம்.

நேற்றுக் காலை அப்பா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஐம்பத்திரண்டு டிகிரி. மணிக்கு நாலு தடவை கை கழுவுகிறவர், முழங்கை வரை குப்பையோடு நின்று, இது உயிரோட இருக்குடி என்றார். அப்புறம், அது எங்கிருந்து சூடாகிறது, ராத்திரி தூங்குமா, மழை பெய்தால் என்ன செய்யும் என்று வரிசையாகக் கேள்வி. பதில் தெரியாததைப் பள்ளிக்கூட நூலகத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம், உடம்பு எப்படி, மாத்திரை போட்டீர்களா என்று ஆரம்பிக்காதே. இன்றைக்கு எத்தனை டிகிரி என்று கேள். வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேள், பேசி முடிக்க நேரமாகும்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா