கொடைக்கு வரும் முன்

வல்லம்,
ஆனி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை முப்பிடாதி எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். மும்பையில் நீயும் மதினியும் சுகமா? மதினிக்கு இது ஏழாம் மாதம் என்று அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. சிப்ஸ் கடையில் எங்கள் இருவருக்கும் காய் சீவுகிற வேலை. போன மாதம் கடை வாசலில் ஒரு வேன் ஹாரன் அடித்ததும் நான் மயங்கி விழுந்துவிட்டேன். எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே இருந்தது. கடைக்கார அண்ணாச்சி பயந்துபோய்த் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று கேட்டார்கள். அம்மா இல்லை என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டு வெடித்ததும் அப்பா விழுந்து இறந்ததை, 'சாமி கூட்டிக்கிட்டுது' என்றுதானே இன்றுவரை சொல்கிறாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவைப் பற்றிச் சொன்னேன். முதல் மேளத்துக்கே நீ மயங்குவதையும் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பள்ளிக்கூட மணிக்கு நான் விழுந்தபோது பேய் என்று எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். மேளத்துக்கு நீ விழுந்தபோது சாமி என்று மாலை போட்டார்கள். இரண்டும் ஒரே நோயாகத்தான் இருக்கும் என்கிறார்கள் டாக்டரம்மா. ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குத் தயாராக இதயத்துக்குக் கூடுதல் நேரம் ஆகிறதாம். அந்நேரம் திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பு தாறுமாறாகிவிடுமாம். என் ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பி உறுதி செய்துவிட்டார்கள். அப்பாவின் மரபணு வழியாக வந்திருக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். எனக்குத் தினமும் மாத்திரை. வீட்டில் போன் மணியைக்கூட அணைத்துவிட்டோம், அதனால்தான் கடிதம். அதுவும் இல்லாமல், போனில் எனக்கு இவ்வளவு பேச வராது.

ஆடிக் கொடைக்கு அப்பா இடத்தில் நீதான் ஆட வேண்டும் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். அப்பா சாமியாடக் கட்டிய கச்சையை அம்மா துவைத்து வைத்திருக்கிறாள். 'சாமி காரியத்துல டாக்டருக்கு என்னட்டி தெரியும்?' என்று என்னை ஏசுகிறாள். ஆனால் நேற்று அந்தக் கச்சையை மடியில் வைத்துக்கொண்டு, 'அவனும் ஒருதடவ டாக்டர்ட்ட காட்டிட்டு வரட்டுமாட்டி?' என்று என்னிடமே கேட்டாள்.

டாக்டரம்மா எழுதிய சீட்டும் என் ஈசிஜி நகலும் இதனுள் இருக்கின்றன. நீ எதையும் விளக்க வேண்டாம், அங்குள்ள டாக்டரிடம் காட்டினால் போதும். அதுவரை மேளம் அடிக்கிற பக்கம் வராதே. மேளம் இல்லாத நேரமாகப் பார்த்து உன் பேரில் நானே பொங்கலிடுகிறேன்.

உன்மேல் சாமி இறங்காவிட்டால் போகட்டும் அண்ணே. மதினிக்குப் பிள்ளை பிறக்கும்போது நீ பக்கத்தில் இரு.

உன் தங்கை,
முப்பிடாதி