வால் நீண்ட மீனுக்கு வைத்த பேர்

ஐப்பசி, வெள்ளி இரவு.

இன்று செல்வி வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் மகள் சடங்கில் அவள் கட்டியிருந்த சேலையை நான் கேலி செய்ததிலிருந்து எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. இன்றைக்காவது ஒரு வாய் சாப்பிட வேண்டுமே என்று எனக்கு ஒரே படபடப்பு.

கால் கழுவத் தொட்டிக்குப் போனாள். கொசுப்புழுவைத் தின்ன நகராட்சி ஆள் விட்ட கப்பி மீன் அதில் பெருகிக் கிடக்கிறது.

"ஒண்ணு மட்டும் வால விரிச்சு மினுக்கிட்டுத் திரியுதே!" என்றாள்.

என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்குமா? "அதுக்குச் செல்வின்னு பேரு வச்சிருக்கா ஒம் மதினி."

"கப்பிங்கிறதே யாரோ வெள்ளைக்காரரு பேருதானாம். மீன் விட்டவரு சொன்னாரு. நான் மட்டுமா மனுசப் பேரு வச்சேன்?" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "வால் பெருசா இருக்கது ஆம்பள மீனாம்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவள் தொட்டிக்குள் குனிந்து தேடினாள்.

"நீங்க எது மதினி?"

"அந்தா, வயிறு பெருத்து நெறமே இல்லாமக் கெடக்கே, அதுதான்."

"அது போட்ட குட்டியவே திங்குது மதினி!"

"பசி வந்தா நானும் அப்படித்தான். வா, சோறு போடுறேன்."

சிரித்துவிட்டாள். வந்து உட்கார்ந்தாள். குழம்பில் உப்பு கூடுதல் என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவையும் ஊற்றச் சொன்னாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.