வாசலுக்கு வாசல் கழற்றும் பூட்ஸ்

அக்டோபர் 4, சனி

காலையில் வெயில், மாலையில் மேகம். பெய்யவில்லை. பைக் செயினுக்கு எண்ணெய் போட்டேன். கையெல்லாம் கறுப்பு.

நேற்று கிளினிக்கில் கூட்டம். மானேஜர் என்னைவிட ரொம்பச் சின்னவர், எல்லோரையும் 'டீம்' என்று கூப்பிடுகிறவர். அவர் சொன்னது: மழைக்காலம் முடியும்வரை வீட்டுக்குப் போய் பிசியோதெரபி செய்வது கார் வைத்திருப்பவர்கள் மட்டும். இரு சக்கரம் வேண்டாம். நான் கிளினிக்கில் மேசைக்குப் பின்னால் உட்காரலாம்.

காரணம், போன மழையில் நான் தவறவிட்ட நாட்கள். மறுப்பதற்கில்லை. நனைந்த ஷூவோடு நாள் முழுக்க அலைந்து விரலிடுக்கில் சேற்றுப்புண். அது பழுத்துக் காய்ச்சல். ஒரு வாரம் படுக்கை.

ஊரூர் குப்பத்துச் சந்துக்குள் கார் நுழையாது, அங்கே இருக்கும் என் நோயாளி கன்னியம்மாவை யார் பார்ப்பது என்று கேட்டேன். வீடியோ கால் இருக்கே மேடம் என்றார். பிளேட் வைத்த கணுக்காலை வீடியோவில் எப்படிப் பிடித்து மடக்குவது என்றேன். கடைசியில் ஒரு சமரசம். இந்த மழைக்காலம் எனக்குச் சோதனை. ஒரு விசிட் தவறினாலும் மேசை.

சரி என்றேன். குரல் உயர்த்தவில்லை. அதில் ஒரு திருப்தி.

முதல் வேலை: பூட்ஸ்.

அக். 5, ஞாயிறு

புழுக்கம். மதியம் முழுக்க பூட்ஸ் பற்றிய விமர்சனங்கள் படித்தேன். எழுதியவர்கள் எல்லாரும் குளிர்நாட்டுக்காரர்கள். காலையில் மாட்டினால் இரவுதான் கழற்றுகிறார்கள். என் வேலை வேறு. வீடு வீடாக ஏற வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் கழற்ற வேண்டும், வெளியே வந்து மறுபடி மாட்ட வேண்டும். கழற்றுவது எவ்வளவு சுலபம் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. 'நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் எல்லாரும் எழுதுகிறார்கள். யார் அளந்தார்களோ.

எனக்கு வேண்டியது –
தண்ணீர் புகக்கூடாது.
கணுக்காலின் இரு பக்கமும் கெட்டியான காப்பு. (நொறுங்கிய கணுக்கால் நிறையப் பார்த்தாயிற்று.)
ஆனாலும் பாதம் மேலும் கீழும் மடங்க வேண்டும். வலது கால் பிரேக், இடது கால் கியர்.
கயிறு கூடாது. நின்றபடியே கழற்ற வேண்டும்.
மே மாத வெயிலுக்கும் இதே ஜோடி. வருடத்துக்கு இரண்டு ஜோடி வாங்கும் ஆள் நான் இல்லை.
நாற்றம் கூடாது. (இது ர. சேர்க்கச் சொன்னது.)

ர. என் கணவர். பைக் ஓட்டத் தெரியாது, அதில் வெட்கமும் இல்லை. கம் பூட்ஸ் போதாதா என்றார். அதன் தடித்த மூக்கு கியருக்கு அடியில் நுழையாது, கணுக்காலுக்கு வெறும் ரப்பர், மேயில் கால் வெந்துவிடும் என்று விளக்கினேன். "இவ்வளவு யோசிச்சு என்னைக் கல்யாணம் பண்ணியிருக்க மாட்டே" என்றார். அப்போதும் யோசித்தேன், அவருக்குத் தெரியாது.

அக். 8, புதன்

லேசான தூறல், உடனே நின்றது. அடையாறு விசிட்களை முடித்துவிட்டு மவுண்ட் ரோடு பின்புறம் பைக் சாமான் விற்கும் தெருவுக்கு.

கடைக்காரர்: "சாருக்கா மேடம், பையனுக்கா?"

எனக்கு என்றேன். ஸ்கூட்டிக்கு எதற்கு இவ்வளவு பெரிய பூட்ஸ் என்று சிரித்தார். வெளியே நின்ற பைக்கைக் காட்டினேன். சிரிப்பு நின்றது, 'மேடம்' நீண்டது.

எல்லாம் ஆண்கள் அளவு. ரெண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஆகாது. குதிகால் உள்ளே எழும்பினால் பிரேக் ஒரு கணம் தாமதம். அந்த ஒரு கணத்தில்தான் எனக்கு நோயாளிகள் வருகிறார்கள். இதைச் சொன்னதும் ஏணி போட்டு மேலே ஏறி ஒரு தூசிப் பெட்டியை இறக்கினார். அளவு ஐந்து. யாரும் கேட்காமல் கிடந்ததாம். பக்கவாட்டில் ஜிப், அதன்மேல் ஒட்டும் பட்டை. கியர் உரசும் இடத்தில் தடித்த தோல். உள்ளே கணுக்காலுக்குக் கிண்ணம் மாதிரிக் கெட்டியான காப்பு. போட்டு நடந்தேன், குந்தினேன், பாதத்தை மடக்கினேன். நன்று.

ஒரு மக்கில் தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்து பாட்டில் எடுத்தார். பூட்ஸுக்குள் ஊற்ற என்றேன்.

"மேடம், அதுக்குள்ள கால வுடுவாங்க. தண்ணி ஊத்தி இதுவரைக்கும் யாரும் பாத்தது இல்ல."

கசிந்தால் வேண்டாம், கசியாவிட்டால் ஈரத்தோடு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம். ஊற்றிவிட்டு இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வந்தது, குடித்தோம். தையலில் ஒரு பொட்டு ஈரமில்லை. லெதர் கம்பெனியில் வேலையா என்று கேட்டார். பிசியோதெரபிஸ்ட். "அதான பாத்தேன்" என்றார். எதைப் பார்த்தாரோ.

விலை இங்கே எழுதப் போவதில்லை. ர.விடமும் சொல்லவில்லை.

அக். 14, செவ்வாய்

முதல் நல்ல மழை. லஸ் பக்கம் தெருவே தெரியவில்லை. ஆட்டோக்கள் அடித்த தண்ணீர் முழங்காலுக்கு மேல். மாலையில் சாக்ஸைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன், மூக்கருகே கொண்டுபோயும் பார்த்தேன். காய்ந்த சாக்ஸ். பெருமை என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

இன்னொன்று. சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக்காலில் நிற்கப் பழகுங்கள் என்று எல்லா நோயாளிகளுக்கும் சொல்கிறேன். இன்று வாசலுக்கு வாசல் நானே அதைச் செய்தேன். இரவில் தொடை கடுகடுவென்று வலி. இனி ஒரு நாளைக்குப் பத்து முறை என்று சொல்லும்முன் யோசிக்க வேண்டும்.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

அக். 16, வியாழன்

அவமானம், எழுதித் தீர்க்கிறேன்.

மயிலாப்பூர் மாமி வீடு. தோள்பட்டை இறுகிப்போனவர், கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. மாடி. வெளிப்பக்கப் படிக்கட்டு. பூட்ஸைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். நான் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. வெளியே வந்து பார்த்தால் இரண்டு பூட்ஸும் தளும்பத் தளும்ப. மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் நேராக அதற்குள் விழுகிறது.

உள்ளே ஊற்றிய தண்ணீர் வெளியே போகாது என்று நானே பார்த்து வாங்கியது. போகவில்லை.

மாமி கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். "வித்தவன் பொய் சொல்லலை போ" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதையே மாட்டிக்கொண்டு குப்பத்துக்கு. ஒவ்வொரு கியருக்கும் உள்ளே சளக் சளக். ஆனால் போனேன்.

கன்னியம்மா ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்பவர். என் வயதிருக்கும், ஒன்றிரண்டு கூட. ஆகஸ்டில் சாலையோரம் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தபோது யாரோ ஓட்டிவந்த பைக் சறுக்கி அவர் கணுக்கால்மேல் விழுந்தது. பிளேட், ஸ்குரூ. இன்னும் தடியை விட்டு நடக்கவில்லை. என் பூட்ஸை எடுத்துக் காப்புள்ள இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இத்த போட்டுகினு குந்தியிருந்தா எனக்கு ஒண்ணியும் ஆயிருக்காது" என்றார். பூட்ஸ் போட்டுக்கொண்டு மீன் விற்கும் கன்னியம்மாவை இருவரும் ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தோம்.

அவர் கவலை காலைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது. சாலைத் திருப்பத்தில் அவர் உட்காரும் இடம். எழுதிக்கொடுத்த இடமில்லை. தினமும் உட்கார்ந்தால்தான் அவருடையது.

இரவு: பூட்ஸுக்குள் பேப்பர் திணித்து மின்விசிறிக்குக் கீழே. ர. ஓர் ஊதுபத்தி ஏற்றிவைத்தார். நல்ல மனிதர்.

அக். 22, புதன்

விடாத மழை. குப்பத்தில் கன்னியம்மா என் பூட்ஸ் நனையாமல் மீன் கழுவும் பேசினைக் கவிழ்த்து மூடிவைத்தார். அருமையான யோசனை என்று நினைத்தேன். அடுத்து மாமி வீடு.

"ஏம்மா, நம்மாத்து வாசல்ல என்ன மீன் வாசனை?"

பூட்ஸை மாமியே ஒரு குச்சியால் நகர்த்தி, பழைய வாளியால் மூடினார். வாளி எனக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டதாம். அவருடைய இறுகிய வலது கை இப்போது காது உயரம்வரை எழுகிறது. குச்சியைப் பிடித்தது அந்தக் கை என்பதை அவர் கவனிக்கவில்லை.

இதுவரை ஒரு விசிட்டும் தவறவில்லை.

நவம்பர் 10, திங்கள்

பளீர் வெயில். மழையைவிட இதுதான் கடினம். கிண்டி சிக்னலில் நின்றபோது பூட்ஸுக்குள் கால் அவிகிறது. மதியம் சாக்ஸ் மாற்றினால் தாங்குகிறது. பைக் பெட்டியில் இனி உபரி சாக்ஸ். மே மாதத்தைப் பற்றி மேயில் எழுதுகிறேன், இப்போதே சான்றிதழ் தர மாட்டேன். இடது பூட்ஸில் கியர் உரசிய தடம் இருக்கிறது, தோல் கிழியவில்லை.

குப்பம் சரியில்லை. கன்னியம்மா பயிற்சி செய்யவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். நேற்று மருமகள் வந்து சொன்னாளாம்: திருப்பத்து இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். குடை, தராசு, எல்லாம் போட்டு.

"இனிமே கால் வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. காலை மடியில் எடுத்து வைத்து மடக்கினேன். போன வாரத்தைவிட நன்றாக மடங்குகிறது. சொன்னேன். நாளை மறுநாள் வருகிறேன் என்றேன். வராதே என்றார். வருவேன் என்றேன்.

நவ. 12, புதன்

போனேன். பயிற்சி மட்டும் செய்தார், கோபத்தோடு. கோபம் போதும்.

நவ. 26, புதன்

தூறல். கன்னியம்மா தடியோடு சந்து முனைவரை. நான் பின்னால், கை தொடாமல். முனையிலிருந்து திருப்பம் தெரிகிறது. நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். வீங்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

இரண்டு நாளாக அடைமழை, காற்று. காலையில் ர. ஒரே ஒரு முறை, இன்றைக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டார். பூட்ஸை மாட்டினேன். அவர் ஹெல்மெட்டை எடுத்துத் தந்தார்.

அடையாறு பாலத்தில் பைக்கைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. மெதுவாக, இரண்டாம் கியரில். பெசன்ட் நகர் உள்தெருக்களில் கணுக்கால் அளவு தண்ணீர். காலை ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்றினேன், தரை தெரியாமலே. பாதம் காய்ந்தே இருந்தது. எஞ்சின் நிற்கவில்லை. நானும்.

குப்பத்தில் கன்னியம்மா வீடு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தலையை நீட்டி, "ரோட்டாண்ட போச்சு" என்றார். யாரோடு? தனியாக. இந்த மழையிலா? தோளைக் குலுக்கினார்.

சந்து முழுக்க வழுக்கல். அந்தப் பிளேட், அந்த ஸ்குரூ, நாலு மாத வேலை, எல்லாம் கண்முன் வந்தது. பூட்ஸோடு ஓடினேன். ஓட முடிகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

திருப்பத்தில் ஒரு நீலத் தார்ப்பாய். அடியில் ஐஸ் பெட்டியின்மேல் கன்னியம்மா. முன்னால் தட்டில் காரப்பொடி மீன், கொஞ்சம் சங்கரா. விடியலில் மழை விட்ட நேரம் பார்த்துப் போன ஒரே படகின் மீன். இரண்டு பேர் குடையோடு நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாலையில் வேறு யாரும் விற்கவில்லை.

கோபத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். அவரே பேசினார்.

"மழைன்னு அவ வரல. எடம் காலியா கீது. இன்னிக்கி குந்தலன்னா இன்னொரு நாளு ஏது?"

விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"நீ மட்டும் வுழாம வண்டில வரல? நீ வருவேன்னுதான் நானே கெளம்புனேன். வா, குந்து. கால பாத்துக்கோ. யாவாரத்த கெடுக்காத."

குந்தினேன், சாலையில், ஓடுகிற தண்ணீரில். முழங்கால் நனைந்தது, பாதம் நனையவில்லை. வீக்கம் கொஞ்சம். சூடு இல்லை. மடக்கம் நன்று. வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் எழுந்து நின்று எடைபோட வைத்தேன். தடி பக்கத்தில் சாய்ந்தே கிடந்தது. மீன் வாங்க வந்த ஒருத்தர், இந்தம்மா கால்மாட்டில் என்ன செய்கிறது என்று கேட்டார். "எங்க டாக்டரம்மா. நீ மீன பாரு" என்றார் கன்னியம்மா.

மானேஜர் போன். மழையில் குரல் பாதிதான் கேட்டது. எல்லா விசிட்டும் இன்று ரத்தாம், காரில் போன பையன் சைதாப்பேட்டையிலேயே நிற்கிறானாம். நான் எங்கே என்றார். குப்பத்தில்.

"பேஷன்ட் வீட்ல இருக்காங்களா மேடம்?"

"இல்ல."

"ஐயோ. அப்ப எங்க போனாங்க?"

"வேலைக்கு."