நின்றுபோன கடிகாரமும் மதியச் சாப்பாடும்

கோபக்காரருக்கு,

குளியலறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். "காதுல விழலை"ன்னு பதில் சொன்னீங்க. அதனால எழுதி வச்சுட்டுத் தையல் கடைக்குக் கிளம்பறேன்.

ஊருக்கெல்லாம் கடிகாரம் ரிப்பேர் பண்றவர் வீட்டுல ஹால் கடிகாரம் மட்டும் ஏன் ஓடலைன்னு நேத்துதான் புரிஞ்சுது. அதுக்குள்ள மிட்டாயை ஒளிச்சு வச்சது நீங்க. கண்டுபிடிச்சது நான். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறது மட்டும் நீங்களா?

மதியத்துக்கு இன்சுலின் ஃப்ரிட்ஜ் கதவுல, முட்டைக்குப் பக்கத்துல இருக்கு. முதல்ல தட்டுல சாப்பாட்டைப் போட்டு வச்சுக்கிட்டு அப்புறம் ஊசி போடுங்க. போட்டதும் சாப்பிட்டுடணும். போன சண்டையில ஊசியைப் போட்டுட்டு, சாப்பிடாம போய்ப் படுத்து, சர்க்கரை இறங்கி, எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. கோபம் என் மேல. சோறு என்ன பண்ணுச்சு?

சோறு ஒரு கரண்டி, காய் மூணு கரண்டி. மாத்திப் போட்டுக்கிட்டு "மறந்துட்டேன்"னு சொல்லக் கூடாது.

என்கூடப் பேச வேண்டாம். தட்டு காலியா இருந்தா சமாதானம்னு எடுத்துக்கறேன். பூனை காலி பண்ணினா செல்லாது. அது இப்பவே ரெண்டு சுத்து பெருத்திருக்கு.

பி.கு: கை நடுங்கி வேர்த்துக் கொட்டினா பயப்படாதீங்க. நாலு மிட்டாயைத் திரும்பக் கடிகாரத்துக்குள்ளயே வச்சிருக்கேன். வாயில போட்டுக்கிட்டு உடனே எனக்கு போன் பண்ணுங்க.

நடுங்கலைன்னாலும் பண்ணலாம்.

இன்னொண்ணு. அந்தக் கடிகாரத்தை மட்டும் ரிப்பேர் பண்ணிடாதீங்க. நின்னபடியே இருக்கட்டும்.