சோகைக்குப் போடாத மூட்டை

தேவநாத சாமி துணை

திருவந்திபுரம் பக்கம்
பங்குனி 9

அன்பு மகன் இளவரசுவின் கையில் இந்தக் கடிதம் நல்ல வேளையில் சேரட்டும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். கால்வலி முன்போலத்தான். அந்தக் கோலாப்பூர் சர்க்கரை ஆலையில் ராத்திரி வேலை உனக்கு ஒத்துக்கொள்கிறதா? மாதம் ஒரு முறை போன் செய்து, "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நாலு முறை உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிட்டேன். நான் செய்த தப்பு எழுத்தில் செய்தது. அதனால் எழுதியே சொல்கிறேன்.

மாசி கடைசியில் கரும்பு வெட்டி முடிந்தது. கொல்லை முழுக்க முழங்கால் உயரம் காய்ந்த தோகையும் இலையுமாகச் சோகை கிடந்தது. அடுத்த கொல்லைச் சடையப்பன் வந்து, "அண்ணி, காத்து இல்லாத நேரமா பாத்து ஒரு குச்சி கிழிச்சிப் போட்டுறட்டுமா, அரை மணியில சுத்தமாயிடும்" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். கேட்டிருக்கக்கூடாது என்று அவருக்கே தோன்றிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் சோகையைப் பரப்புவதற்குத் தன் சம்சாரம் சந்திரலேகாவை அனுப்பி வைத்தார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நீ சொன்னது அப்படியே என் கொல்லைக் கணக்கு நோட்டில் இருக்கிறது. "சோகையக் கொளுத்தாதம்மா, பரப்பி விடு. ஆனா அது மக்கறப்ப மண்ணுல இருக்கற தழைச்சத்த மொதல்ல அதுவே இழுத்துக்கும், பயிருக்கு இல்லாம போயிடும். அதனால எப்பவும் போடறதுக்கு மேல ஒரு மூட்டை யூரியா போடணும். அத மட்டும் விட்டுடாத." சிதம்பரத்துக்கு விவசாயப் பரீட்சை எழுதக் கிளம்பிய அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு முறையும் சொன்னாய்.

அந்த மூட்டையை நான் போடவில்லை, இளவரசு.

அந்த வாரம் யூரியா எங்கேயும் கிடைக்கவில்லை. நம் வீட்டில் நீ முன்கூட்டியே வாங்கி வைத்த அந்த ஒரு மூட்டைதான் இருந்தது. லால்பேட்டைப் பக்கமிருந்து உன் மாமன் விஜயகுமார் வண்டியில் வந்தான். மூன்று நாள் வரிசையில் நின்றும் வெறுங்கையோடு திரும்பியதாகவும், கோடை நெல் வெளுத்துப் போகிறது என்றும் சொல்லிக் கண் கலங்கினான். அப்பா நெஞ்சுச் சளியோடு உள்ளே படுத்திருந்தார். எனக்குள் ஒரு யோசனை ஓடியது. சோகையே எருதானே, எருவுக்கு எதற்கு இன்னொரு எரு, பிள்ளை புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன். மூட்டையை நானே ஒரு பக்கம் பிடித்து அவன் வண்டியில் ஏற்றினேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நோட்டில், "சோகைக்கு யூரியா ஒரு மூட்டை, போட்டாச்சு" என்று எழுதினேன். உன் இரண்டாம் வகுப்பு நோட்டைப் பார்த்து எழுதப் பழகியவள் நான். அன்று முதல் இன்று வரை எழுதியதில் அந்த ஒரு வரிதான் பொய்.

சித்திரை பிறந்தபோது வெட்டின கரும்புக் கட்டையிலிருந்து கிளம்பிய பயிர் முழுக்க மஞ்சளாக நின்றது. ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று, "என்னா, ஒம் மவன் கரும்பு வச்சானா, மஞ்சா வச்சானா" என்று அப்பாவிடம் கேட்டுச் சிரித்தார்கள். அவர் அவ்வளவு பேர் எதிரில் உன்னைப் பார்த்து, "படிச்சிக் கிழிச்சிட்ட. இனிமே எங் கொல்லையில கால வெக்காத" என்றார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "மூட்ட போட்டியாம்மா?" நான் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நீ அந்த வரியை இரண்டு முறை படித்தாய். விடியக்காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அப்பா திட்டியதற்காக நீ போகவில்லை. நீ படித்த படிப்பின் மேலேயே உனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதை உன் கையிலிருந்து பிடுங்கியவள் நான்.

போன வருஷம் அப்பா பழையபடி சோகை கொளுத்தக் கிளம்பினார். கொல்லையின் சனி மூலையில் கற்பூரம் ஏற்றி, அதிலிருந்துதான் நெருப்பு எடுப்பார், உனக்குத் தெரியும். கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்துக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று திரும்பியது. தீ சடையப்பன் கரும்பைப் பார்த்து ஓடியது. அப்பா வேப்பங்கிளையை ஒடித்துக்கொண்டு புகைக்குள்ளே போனார். அடுத்தவர் பயிரைக் காப்பாற்றிவிட்டார். புகை அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. ஒன்பது நாள் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நீ வந்து சேர்ந்தது பத்தாம் நாள். கொள்ளி வைத்தாய், காரியம் முடித்தாய், கொல்லைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரயிலேறினாய். கூட்டமாக இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் சொல்லவில்லை.

ஆனால் அப்பாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. அவர் மூக்கில் இருந்த குழாயை நகர்த்திவிட்டு மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "தெரியும். அந்தத் தீவாளிக்கு வந்தப்பவே விஜயகுமார் சொன்னான், அக்கா குடுத்த மூட்டதான் நெல்லக் காப்பாத்துச்சு மாமான்னு." தெரிந்துமா பிள்ளையைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "கூப்ட்டு என்னான்னு சொல்றது, உங்கம்மா பொய் எழுதிட்டான்னா? அவன் எம்மேல கோவமா இருந்துட்டுப் போறான். உம்மேலயும் கோவப்பட்டா அவனுக்கு வீடுன்னு என்னா இருக்கு" என்றார். அப்புறம் குழாயைத் தானே மூக்கில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் தெரிந்தவர் ஏன் கொளுத்தினார் என்று இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன். கொளுத்தாமல் நீ சொன்னபடி பரப்பியிருந்தால், அவருக்கு விஷயம் தெரியும் என்று நான் கண்டுகொண்டிருப்பேன். நான் குன்றிப்போகக்கூடாது என்றுதான் அந்தக் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு போனாரோ என்னவோ. இதை யாரிடம் கேட்பேன், சொல்லு.

போன சனிக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் வெல்லமும் காணிக்கை போட்டுவிட்டு வந்தேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் அது இல்லை.

நேற்று, பரப்பின சோகைக்குத் தண்ணீர் கட்டி, நீ சொன்ன கூடுதல் மூட்டையை நானே என் கையால் போட்டேன். ஒரு பிடி மிச்சம் வைக்கவில்லை. பழைய நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். வரியை அடித்துவிட்டு, கீழே "போடவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நீ தெரிந்து சொன்னது சரி என்பதற்கு அதுதான் சாட்சி.

இன்னும் பதினைந்து நாளில் அப்பாவுக்குத் தலைத் திவசம். அவர் மேல் நீ வைத்திருக்கும் கோபம் எனக்குச் சேர வேண்டியது. அதை என் மேல் வைத்துக்கொள். என்னோடு பேச வேண்டாம், என் கையால் சாப்பிடவும் வேண்டாம், சந்திரலேகா வீட்டில் சொல்லி வைக்கிறேன். வந்து அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, அந்தக் கொல்லையில் ஒரு முறை கால் வைத்துவிட்டுப் போ.

பயிர் பச்சையாக வருகிறதா, மஞ்சளாக வருகிறதா என்று நான் உனக்கு எழுதப் போவதில்லை. என் எழுத்தை நம்ப வேண்டாம், ராசா. நீயே வந்து பார்.

தேவநாதன் உன் கண்ணுக்கும் காலுக்கும் துணை நிற்கட்டும். ராத்திரி வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே.

உன் அம்மா
விருத்தாம்பாள்