சிரிப்பைக் குறைத்துக்கொள்

ஜூன் 6

அன்புள்ள நெட்டைக்கு,

வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு வரி எழுத உனக்கு மனசு வரவில்லை. ஆபீஸ் வாசலை மிதித்ததும் ஆளே மாறிவிட்டாயா? கோபமில்லை. பொறாமை கொஞ்சம் உண்டு, மறைக்கத் தெரியவில்லை.

ஹாஸ்டல் அறையில் நீ கட்டிலில் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருப்பாய். நான் கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்பேன். கடைசி வருஷம் முழுக்க இன்டர்வியூவுக்கு அப்படிப் பழகியும் நான் எங்கே சறுக்கினேன் என்று புரியவில்லை. நாம் இரண்டு பேரும் போன அன்று, காது மந்தமான பெரியவரை எதிரில் உட்காரவைத்து, காதுக் கருவியை மாட்டிப் பேசச் சொன்னார்கள் இல்லையா? என்னிடம் அவர், "ஏம்மா, என் பொண்டாட்டி திட்டுறதும் இதுல கேக்குமா?" என்றார். "அதுக்குத் தனி பட்டன் இருக்கு தாத்தா, அணைச்சுக்கலாம்" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நரைமீசை அதிகாரிகூடச் சிரித்தார். அப்புறம் ஏன் என்னை எடுக்கவில்லை?

நீ அங்கேயே இருக்கிறாய். என் மார்க் தாளில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லேன். குறை தெரிந்தால் திருத்திக்கொள்வேன். மற்றவர்கள் பூசி மெழுகுவார்கள், நீ உள்ளதைச் சொல்வாய்.

உன்
வாயாடி

---

ஜூன் 19

என் கண்ணான வாயாடிக்கு,

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். இங்கே எனக்கு ஒரு மேஜை, கடுகளவு திருகாணிகள், அவற்றைப் பிடிக்க ஒரு சாமணம். வெள்ளைக் கோட்டு முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது, என் உயரத்துக்கு இங்கே கோட்டு இல்லையாம்.

உன் தாளைப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும், "விளையாட்டுத்தனம். தேவையில்லாமல் சிரிக்கிறார்" என்று எழுதியிருக்கிறது. காது கேட்காதவர் முன்னால் சிரித்தால், தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொள்வார் என்று நரைமீசை சொன்னாராம்.

மனசில் வைத்துக்கொள்ளாதே. சிரிப்பைக் குறைத்துக்கொள், அவ்வளவுதான். தினமும் கண்ணாடி முன் நின்று பழகு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். உன்மேல் அக்கறை இருப்பதால்தான் சொல்கிறேன்.

என்றும் உன்
நெட்டை

---

செப்டம்பர் 2

அன்புள்ள நெட்டைக்கு,

உன் புண்ணியத்தில் பாதி தேறிவிட்டேன். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, கண்ணாடிதான் கதி. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். "யார் மேலடி கோவம்?" என்கிறாள் அம்மா. கேட்டதற்கு மட்டும் பதில் என்று நீ சொன்னாயே, "ஒன்றுமில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான்கு இன்டர்வியூ முடிந்தது. நான்கிலும் இல்லை என்றுவிட்டார்கள். ஒரு கிளினிக்கில், வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ளும் வேலை. அங்கிருந்த டாக்டரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வர்றவங்க ஏற்கெனவே நோயோட வருவாங்க. உன் மூஞ்சியப் பாத்தா திரும்பிப் போயிடுவாங்க" என்றார்.

எங்கோ தப்பாகப் பழகுகிறேன் போலிருக்கிறது. எங்கே என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்
வாயாடி

---

செப்டம்பர் 15

என் கண்ணான வாயாடிக்கு,

பாதியில் நிற்பதால்தான் அப்படித் தெரிகிறது. விட்டுவிடாதே. குரலையும் கொஞ்சம் தாழ்த்து, கைகளை ஆட்டாதே.

நரைமீசை வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போன வாரம் அவருக்கு விருந்து வைத்து அனுப்பினோம். மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை.

என்றும் உன்
நெட்டை

---

ஜனவரி 11

நெட்டை,

நேற்று ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் நரைமீசை.

"பட்டன் இருக்குன்னு சொன்ன பொண்ணுதானே? உன் வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

"உன்னத்தாம்மா எடுக்கறதா இருந்தோம். ஒரே இடம். உன்கூட வந்த உயரமான பொண்ணுகிட்ட, இவ நிலைச்சு வேலை பாப்பாளான்னு கேட்டோம். கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, மூணு மாசத்துல போயிடுவா, யார்கிட்டயும் இன்னும் சொல்லலைன்னு சொன்னா."

என் தாளில் சிரிப்பைப் பற்றி ஏதாவது எழுதினீர்களா என்று கேட்டேன். "எழுதினேனே. அதுக்குத்தான் முழு மார்க்."

பிறகு ஒரு அம்மாளை உட்காரவைத்து, கருவியை மாட்டச் சொன்னார். மாட்டியதும் அந்த அம்மாள், "என் மருமக இவ்வளவு சத்தமாவா பேசிட்டிருந்தா?" என்றார். அறையே சிரித்தது. எனக்கு வரவில்லை. வாயை இழுத்துப் பார்த்தேன், நெட்டை. வரவில்லை. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

நரைமீசை கதவு வரை வந்தார். வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணக் கதையைப் பயத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். வேலைதான் கிடைத்துவிட்டதே, அதற்கு அப்புறமும் சிரிப்பைக் குறை என்று ஏன் எழுதினாய்? ஒன்றும் தெரியவில்லை என்று சும்மா இருந்திருக்கலாமே?

வாயாடி

---

ஜனவரி 20

வாயாடி,

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முதலில் சொன்னது பயத்தில்தான். இரண்டாவது அப்படியில்லை. உன்னிடம் ஏதாவது ஒரு குறை தென்படாதா என்று மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் போய், என் குறை என்ன என்று கேட்டாய். நாம் சேர்ந்து மெஸ்ஸுக்குள் நுழைந்தால், "வா வா" என்பது உனக்கு. என்னிடம், "மேல இருக்கற டப்பாவ எடுத்துக் குடு" என்பார்கள். அந்த இன்டர்வியூவுக்கு விழுந்து விழுந்து படித்தவள் நான். நீ ஒரு பட்டனைச் சொல்லிவிட்டுப் போனாய்.

கிளினிக்கைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். கேட்டாய், சொல்கிறேன்.

இங்கே வருகிற பெரியவர்களுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லையாம். கலகலப்பாக இன்னொருத்தி வேண்டுமாம். யாரையாவது தெரிந்தால் பெயரும் விலாசமும் எழுதிக் கொடு என்று போன திங்கட்கிழமை என்னிடம் ஒரு தாளைத் தந்தார்கள். உன் கடிதம் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நெட்டை